நாற்பத்தொன்று, வரேன்

கணவாயின் உச்சியில், நாலாயிரத்து முன்னூறு மீட்டர் உயரத்தில், மூன்றாம் நிலையமாக ஒரு கூடாரம் அடித்திருந்தார்கள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மலையோட்டத்தில் அஃது இருபத்து நான்காவது கிலோமீட்டர். ஏறி வரும் ஓட்டக்காரர் கூடாரத்தின் ஒரு வாயிலால் நுழைந்து, ஒரு குவளை வெந்நீர் அருந்தி, மறுவாயிலால் வெளியேறி, அப்பக்கத்துச் சரிவில் இறங்கி ஊரை அடைதல் வேண்டும். நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் எழுதி, வாக்கிடாக்கியில் தலைமை நிலையத்துக்குச் சொல்லும் பொறுப்பு அக்காளுடையது.

அவளை அக்காள் என்று அழைக்கும் உரிமை உடையவன் உலகில் ஒருவனே. ஆயினும் அவன் அழைத்து அழைத்தே, போட்டி நடத்துவோர் அனைவருக்கும் அவள் அக்காளாகிவிட்டாள். ஊரில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முன்மேசையில் பதினெட்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவள். டோக்கன் எண்ணைக் கூவுவதும், குப்பியின்மேல் பெயர் ஒட்டுவதும், ஒருவருடைய இரத்தம் மற்றொருவர் பெயரில் ஏறாமல் காப்பதும் அவள் வேலை. அதில் அவள் ஒரு முறையேனும் தவறியதில்லை. ஆகவே, மூன்றாம் நிலையத்து எழுத்து வேலையை அவள் கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள்.

அவள் கேட்டதற்குக் காரணம் வேறு. இரண்டு மாதங்களுக்கு முன் அவளுடைய தம்பி அதே கூடத்தில் இரத்தம் கொடுத்தான். மின்தூக்கி பழுதுபார்ப்பவன், நாற்பது வயது, நான்கு ஆண்டுகளாக இம்மலையை ஓடிக் கடப்பவன். அறிக்கையில் ஹீமோகுளோபின் எட்டுப் புள்ளி இரண்டு என்று வந்தது. பன்னிரண்டுக்கு மேல் இருப்பவர்களே மூச்சுக்குத் திணறும் உயரத்தில், எட்டை வைத்துக்கொண்டு ஓடுவது தீக்குச்சியை நம்பி மழையில் நடப்பதற்கு ஒப்பாகும்.

"பொண்டாட்டிகிட்ட சொல்லாதே" என்று அவன் அறிக்கையை நான்காக மடித்துப் பைக்குள் திணித்தான். அவள் அன்று மாலையே சொல்லிவிட்டாள். வீட்டில் பெரிய சண்டை மூண்டது. அவன் அக்காள் வீட்டுக்கே வந்து கத்திவிட்டுப் போனான். அதன் பின் அவன் அக்காளோடு பேசுவதை நிறுத்தினான். நேரே பேசவில்லையே தவிர, வாய் சும்மா இருந்ததில்லை. மனைவி தொலைபேசியில் பேசும்போது பின்னாலிருந்து கத்துவான்: "அந்த முட்டைக்கண்ணிகிட்ட சொல்லு, ஊரு இரத்தத்தையெல்லாம் பார்த்தாச்சு, இனிமே உள்ள போய் எலும்பையும் எண்ணிப் பார்க்கச் சொல்லு!"

அவன் இந்த ஆண்டும் பெயர் கொடுத்தான். மார்பு எண் நாற்பத்தொன்று. நிலைய எழுத்தருக்கு ஓர் அதிகாரம் உண்டு: ஓட்டக்காரரின் உதடு நீலம் பாரித்திருந்தால் அவரை நிறுத்தி வைக்கலாம். அந்த அதிகாரத்துக்காகவே அக்காள் முதல்நாளே மலையேறி, கூடாரத்தில் குளிரில் கிடந்தாள். மிக உயர்ந்த இடத்தில் ஒரு கணம் தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டும். உதடு கறுத்திருந்தால் கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவே.

கூடாரத்தில் ஒரு பழக்கம் தானாகவே உண்டாகியிருந்தது. நுழைபவர் தம் எண்ணைச் சொல்லி "வந்துட்டேன்" என்பார். வெளியேறுபவர் எண்ணைச் சொல்லி "வரேன்" என்பார். மலையின் உச்சியில் நின்று "போறேன்" என்று சொல்ல எவருக்கும் நா எழாது. அக்காளின் கண்ணாடியோ வெந்நீர் ஆவியில் மூடிக்கொண்டே இருந்தது. கைகளிலோ தடித்த உறைகள். ஒவ்வொரு முறையும் தலை நிமிர்ந்து பார்க்க இயலாமையால், அவள் காதை நம்பி எழுதினாள். "வந்துட்டேன்" என்றால் முதற்கட்டம். "வரேன்" என்றால் இரண்டாங்கட்டம்.

ஒரு மணிக்குப் பனிமூட்டம் ஏறி வந்தது. அது கீழிருந்து வந்தது. பாறை பாறையாக விழுங்கிக்கொண்டு, அவசரமின்றி ஏறியது. காற்று நின்றுபோயிற்று. அதற்குப் பின் ஒலிகள் விந்தையாக நடந்துகொண்டன. பத்தடித் தொலைவில் இருமுகின்றவருடைய இருமல் எங்கோ பள்ளத்திலிருந்து கேட்டது. பள்ளத்தில் உருண்ட கல் கூடாரத்தின் உள்ளேயே விழுந்தாற்போல ஒலித்தது.

அறுபத்திரண்டு பேர் புறப்பட்டிருந்தார்கள். மூவர் இரண்டாம் நிலையத்திலேயே நின்றுவிட்டார்கள். இரண்டு மணிக்கெல்லாம் ஐம்பத்தெட்டுப் பேர் கணவாயைத் தாண்டியாயிற்று. எஞ்சியவன் நாற்பத்தொன்று.

அக்காள் அவனுக்குரிய குவளையில் வெந்நீரை ஊற்றினாள், ஆறியதும் கொட்டினாள், மீண்டும் ஊற்றினாள்.

இரண்டு மணி பத்து நிமிடத்திற்குக் குரல் கேட்டது. வெளியேறும் வாயிலின் பக்கத்திலிருந்து, துணிக்கு அப்பாலிருந்து, தெளிவாக வந்தது.

"நாப்பத்தொண்ணு... வரேன்."

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கூடாரத்தில் எவரும் இல்லை. எழுந்து ஓடி வாயிலின் துணியை விலக்கினாள். வெண்மை ஒன்றே இருந்தது. அருகில் நட்டிருந்த சிவப்புக்கொடிகூட மங்கலான கறைபோலவே தெரிந்தது.

'உள்ளே வராமலேயே சுற்றிக்கொண்டு போய்விட்டான்' என்று அவள் எண்ணினாள். 'என் முகத்தில் விழிக்கக்கூடாது என்று இவ்வளவு வைராக்கியமா?' அழைத்திருக்கலாம். தொண்டைவரை வந்த அழைப்பை ரோஷம் தடுத்துவிட்டது. உள்ளே திரும்பி வந்து, நாற்பத்தொன்றுக்கு நேரே இரண்டாங்கட்டத்தில் 2.10 என்று எழுதினாள். முதற்கட்டம் காலியாகவே கிடந்தது. பதினெட்டு ஆண்டுகளில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு அடுத்ததை அவள் நிரப்பியது அதுவே முதல் முறை. பின்பு வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"மூணாவது பாயின்ட் பேசுறேன். நாப்பத்தொண்ணும் தாண்டியாச்சு. இனிமே மேல யாரும் இல்ல."

*

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் 'வால்' வந்து சேர்ந்தார். கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் நடந்து, வழிகாட்டும் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டே வருபவரை அப்போட்டியில் வால் என்று அழைப்பது வழக்கம். ஐம்பத்தாறு வயதுடைய பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது. தோளில் சாக்குப்பை, அதில் கம்பியில் கோத்த நூற்றுப் பதினெட்டுச் சிவப்புக் கொடிகள்.

"என்னம்மா, தண்ணி சூடா இருக்கா? இந்த வயசுல என்னை வாலுன்னு கூப்பிடுறாங்க. என் பேரன் அதைக் கேட்டுட்டு, 'தாத்தா, நீங்க வாலுன்னா நான் யாரு'ன்னு கேக்குறான்" என்று சொல்லிக்கொண்டே அவர் பெஞ்சில் சாய்ந்தார்.

அக்காளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணே, வழியில என் தம்பியைப் பார்த்தீங்களா?"

"எங்க பார்க்குறது? ரெண்டாவது பாயின்ட் தாண்டினப்புறம் முன்னாடி ஒரு முதுகு தெரிஞ்சுது. மூட்டம் வந்ததும் அதுவும் போச்சு. கொடிக்கொடியா நின்னு 'யாராவது இருக்கீங்களா'ன்னு கூவிட்டே வந்தேன். அப்புறம் நீங்கதான் சொல்லிட்டீங்களே, எல்லாரும் தாண்டியாச்சுன்னு. கூவுறதை நிறுத்திட்டு, விறுவிறுன்னு பிடுங்கிட்டு வந்துட்டேன்." அவர் குவளையை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். "ஏம்மா, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"உள்ள வரல அண்ணே. வெளியில நின்னே வரேன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

"பார்த்தீங்களா?"

"கேட்டேன்."

வால் குவளையைக் கீழே வைத்தார். அப்போது வாக்கிடாக்கி கரகரத்தது. மறுபக்கச் சரிவில், ஆறு கிலோமீட்டர் கீழே, நான்காம் நிலையத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர் பேசினார்.

"மூணாவது பாயின்ட், கொஞ்சம் கேளுங்க. உங்க நாப்பத்தொண்ணு என்ன விளையாடுறாரா? ரெண்டே முக்காலுக்கு இங்க குரல் கேட்டுது, 'நாப்பத்தொண்ணு, வரேன்'னு. சரி, வந்துட்டு இருக்காருன்னு வெந்நீரோட நிக்கிறேன். ஆளைக் காணோம். வரேன்னா வரணும் இல்லையா?"

அக்காள் தாளைப் பார்த்தாள். இரண்டு மணி பத்து நிமிடம். இரண்டே முக்கால். முதலாவதாக வந்த ஓட்டக்காரனே அந்த ஆறு கிலோமீட்டரை இறங்க ஐம்பது நிமிடம் எடுத்திருந்தான். அது ஓட்டத்துக்குரிய வழியன்று; ஒவ்வொரு கல்லிலும் காலை வைத்துக் கேட்டு இறங்க வேண்டிய வழி.

"முப்பத்தஞ்சு நிமிஷத்துலயா?" என்றார் வால். "மேலேயிருந்து தூக்கிப் போட்டாதான் அவ்வளவு சீக்கிரம் போகலாம்." சொன்ன பிறகே சொல்லின் பொருள் உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தலைமை நிலையத்திலிருந்து போட்டித் தலைவரின் குரல் குறுக்கிட்டது. "ரெண்டு பாயின்ட்லயும் குரல் கேட்டிருக்கு. அப்போ ஆளு இறங்குற பக்கம்தான் இருக்கான். வழி தவறியிருப்பான். வாலும் நீங்களும் அந்தப் பக்கமா தேடிக்கிட்டே இறங்குங்க. ஆறேகாலுக்கெல்லாம் இருட்டிடும்."

போட்டி விதிப்படி அதுவே முறை. அக்காள் மேலங்கியின் பொத்தான்களைப் போட்டாள், வெளியேறும் வாயில்வரை நடந்தாள், அங்கே நின்றுவிட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். உங்க வீட்டுல யார்கூடயாவது கோவிச்சுக்கிட்டு வெளிய கிளம்புறப்போ, வரேன்னு சொல்லிட்டா கிளம்புவீங்க?"

"கதவை அறைஞ்சு சாத்திட்டுக் கிளம்புவேன்."

"அன்னிக்கு அவன் என் வீட்டுலேர்ந்து அப்படித்தான் போனான். ரெண்டு மாசமா என்னைத் திட்டுறானே ஒழிய, ஒரு நாளும் மரியாதையா பேசினது கிடையாது. அவன் என்கிட்ட வரேன்னு சொல்லிட்டா போவான்?"

வால் பெஞ்சிலிருந்து எழுந்தார். "அப்போ அது யாரு?"

"தெரியாது. என் தம்பி இல்ல. அவன் இன்னும் இந்தக் கூடாரத்துக்கே வந்து சேரல. நீங்க கொடி பிடுங்கின பக்கம்தான் இருக்கான்."

பேருந்து ஓட்டுநர் தம் சாக்குப்பையைப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டுக் கொடிகள். அவற்றைப் பிடுங்கிய கை தம்முடையது. கூவுதலை நிறுத்திய வாயும் தம்முடையதே. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நுழையும் வாயிலின் வழியே முதலில் வெளியேறியவர் அவர்தாம்.

*

கொடி பிடுங்கிய இடத்தில் விரல் நுழையும் அளவு துளை இருக்கும். வால் குனிந்து குனிந்து துளையைத் தேடி, மீண்டும் கொடியை நட்டுக்கொண்டே இறங்கினார். உச்சிச் சரிவில் நாற்பதடிக்கு ஒரு கொடி. பின்னால் திரும்பினால் இரண்டு கொடிகள் தெரியும். மூன்றாவது கொடி மூட்டத்துக்குள் போய்விடும்.

"டேய் தம்பி!" என்று அக்காள் கூவினாள்.

பள்ளத்திலிருந்து உடனே பதில் வந்தது. "வரேன்..."

அவள் உடல் முழுதும் மகிழ்ச்சி பாய்ந்தது. இரண்டடி முன்னே பாய்ந்தவளை வால் மேலங்கியைப் பற்றி இழுத்தார். "இருங்க. பாதை இடப்பக்கம் போகுது. குரல் நேரா வருது. நேரா போனா அறுநூறு அடிக்குக் கீழதான் தரை."

"தம்பி! எங்கடா இருக்கே?"

"வரேன்..."

இம்முறை குரல் அவர்களுக்குப் பின்னாலிருந்து, இறங்கிவந்த வழியிலிருந்து கேட்டது. வால் திரும்பவில்லை. அவர் ஒரு கொடியை நட்டு, அதன் கம்பியைக் கல்லால் தட்டி இறுக்கினார்.

"அடிபட்டிருக்கா? பதில் சொல்லு!"

"வரேன்..."

அதே நீளம். அதே ஏற்றம், அதே இறக்கம். ஓடி வந்தவனுக்குரிய இளைப்பு அதில் இல்லை. டோக்கன் எண்ணைக் கூவும்போது அவளுடைய குரலே அப்படித்தான் இருக்கும்: நூறு முறை கூவினாலும் நூறும் ஒன்றாய், எவரையும் குறித்ததாய் இராமல். எதைக் கேட்டாலும் அதனிடம் ஒரே சொல் இருந்தது. எங்கோ கேட்டுப் பழகிய ஒரு சொல்லை அது வைத்துக்கொண்டு சுற்றியது.

அக்காள் ஒரு பாறையைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு, ஐம்பத்தெட்டு ஓட்டக்காரரும் மரியாதையாக அக்காள் என்று அழைத்த அந்தப் பெண், இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, மலை அதிரக் கத்தினாள்.

"டேய் மூக்கொழுகி! பத்தாங்கிளாஸ்ல மூணு தடவை கோட்டு அடிச்ச தடிமாடு! உன் பொண்டாட்டியை நான்தான்டா அழ வச்சேன், என்னடா பண்ணுவே?"

வால் வாயைப் பிளந்து நின்றார்.

பள்ளத்துக் குரல் பதில் சொல்லவில்லை. அதற்கு அந்த வசவு விளங்கவில்லை போலும். நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை. பின்பு, வலப்புறத்தில், தாழ்வாக, கற்களின் இடுக்கிலிருந்து மெலிந்த ஒரு குரல் கிளம்பியது. இடையிடையே மூச்சு வாங்கியது.

"ரெண்டு... தடவைதான்டி... முட்டைக்கண்ணி..."

*

பாதையிலிருந்து முப்பதடி விலகி, சரிந்து நின்ற ஒரு பெரும்பாறையின் அடியில் அவன் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடுகள் நாவற்பழம் தின்றவனுடைய உதடுகளைப்போல் இருந்தன. கையுறை ஒன்றைக் காணவில்லை. அக்காள் ஓடிப்போய் அவன் நாடியைப் பிடித்தாள். அது வேகமாகவும் இலேசாகவும் ஓடியது, ஆயினும் ஓடியது.

"ஏன்டா பாதையை விட்டு வந்தே?"

"நீதானே கூப்பிட்டே." அவன் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். "தலை சுத்துச்சு. கொடி தெரியல. அப்போ உன் குரல். 'நாப்பத்தொண்ணு, வா... நாப்பத்தொண்ணு, வா'ன்னு. லேப்ல கூப்பிடுவியே, அதே மாதிரி. சரின்னு இந்தப் பக்கமா வந்தேன். பத்து அடி வச்சதும் தோணுச்சு. நீ என்னை என்னிக்குடி நம்பர் சொல்லிக் கூப்பிட்டிருக்கே? பயந்துபோய் இங்கயே உக்காந்துட்டேன். அது ரொம்ப நேரம் கூப்பிட்டுது. நான் ஒரு தடவைகூட வரேன்னு சொல்லல."

வால் பாறையின் மறுபுறம் சென்று எட்டிப் பார்த்தார். பாறைக்கு அப்பால் நான்கு அடிக்குமேல் நிலம் இல்லை. அவர் திரும்பி வந்தார். தம் கையுறைகளைக் கழற்றித் தம்பியின் கைகளில் மாட்டினார்.

"தூக்கணுமா, நடப்பியா?"

"கணவாய்க்குத்தானே? இன்னும் கொஞ்சம்தான். நான் ஓடியே..."

"வாயை மூடு" என்றனர் இருவரும் ஒருங்கே.

மேலே ஏறினால் காற்று இன்னும் மெலியும். கீழே, இரண்டாம் நிலையத்தில், ஜீப்பும் செவிலியும் ஆக்சிஜன் உருளையும் இருந்தன. ஆகவே அவனை நடுவில் நிறுத்தி, வந்த சரிவிலேயே இறங்கினார்கள். அங்கிருந்து கீழே கொடிகள் இல்லை. வால் முன்னே சென்று துளைகளைத் தேடினார். அக்காள் தம்பியின் இடுப்புப்பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அவன் பேச்சை நிறுத்தும் போதெல்லாம் அவள் அவனைத் திட்டினாள். அவன் திருப்பித் திட்டினான். சிறுவயது முதல் சேர்த்து வைத்திருந்த வசவுகள் அனைத்தும் அன்று செலவாயின. பாட்டி வழி, பள்ளிக்கூட வழி, திருமண வழி என்று ஒன்றும் மிச்சமில்லை. ஒரு வசவு தாமதமானால் அவள் நெஞ்சு நின்றுவிடும். அது வந்து சேர்ந்தால் மறுபடியும் துடிக்கும்.

நடுவழியில் அவள் தலைமை நிலையத்தை அழைத்தாள். "நாப்பத்தொண்ணு என்கூட இருக்கான். உயிரோட இருக்கான். ரெண்டாவது பாயின்ட்டுக்கு இறங்குறோம். ரெண்டு பத்துன்னு நான் எழுதினது தப்பு. அடிச்சிடுங்க."

வாக்கிடாக்கி இரைந்தது. பிறகு தலைவர் தாழ்ந்த குரலில் பேசினார். "அக்கா, நல்லாப் பார்த்து சொல்லுங்க. இப்போ அஞ்சு நிமிஷம் முன்னாடி இங்க மைதானத்துக் கேட்ல குரல் கேட்டுது. நானே கேட்டேன். நாப்பத்தொண்ணு, வரேன்னு. மெடலை எடுத்துக்கிட்டு ஓடினேன். கேட்ல யாரும் இல்ல. ஆனா அது உள்ள வர்ற மாதிரி தோணல, என்னைத் தாண்டி ஊருக்குள்ள கிளம்புற மாதிரி இருந்துச்சு. உங்ககூட இருக்கிறது அவன்தானா?"

அக்காள் முன்னே நடந்த முதுகைப் பார்த்தாள். அது தள்ளாடியது.

"டேய், நீ யாருடா?"

"உனக்கு வாச்ச சனியன்" என்றான் தம்பி, திரும்பாமலேயே.

"அவன்தான்" என்று சொல்லிவிட்டு அவள் வாக்கிடாக்கியை அணைத்தாள்.

*

இரண்டாம் நிலையத்தை அவர்கள் அடைந்தபோது மணி ஐந்தே முக்கால். செவிலி அவனை ஜீப்பின் பின்னிருக்கையில் கிடத்தி, முகத்தில் ஆக்சிஜன் மூடியைப் பொருத்தினாள். ஆக்சிஜன் அளக்கும் விரல்நுனிக் கருவியில் அறுபத்தெட்டு என்றிருந்த எண் எழுபத்தொன்பதாயிற்று, பின்பு எண்பத்தாறாயிற்று. உதடுகளில் மெல்ல மனித நிறம் ஏறியது. மலையைச் சுற்றிக்கொண்டு ஊருக்குச் செல்லும் சாலையில் ஜீப் இறங்கியது. வால் ஓட்டுநரின் பக்கத்தில் அமர்ந்து, சாக்குப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் "பிரேக்கை அமுக்கு, அமுக்கு" என்று தொழில்முறையாக அவரைத் தொல்லை செய்துகொண்டிருந்தார்.

ஏழு மணி அளவில், ஊரின் விளக்குகள் தெரியத் தொடங்கிய இடத்தில், அக்காளின் கைப்பேசிக்கு உயிர் வந்தது. வந்தவுடன் அது ஒலித்தது. தம்பியின் மனைவி. தன் மடியில் தலைவைத்துக் கிடந்த தம்பிக்கும் பேச்சு கேட்கட்டும் என்று அக்காள் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"அண்ணி! எத்தனை தடவை போடுறது? சரி விடுங்க, உங்க தம்பிதான் வந்துட்டாரே. என்ன, வாசல்லயே நிக்கிறாரு."

"யாரு நிக்கிறா?" என்றாள் அக்காள்.

"அவருதான். குரல் கேக்குது. வரேன் வரேன்னு மூணு தடவை சொல்லிட்டாரு. வீட்டு வாசல்ல வந்து நின்னுக்கிட்டு எதுக்கு வரேன்னு சொல்லணும், நேரா வர்றதுதானே? மெடலைக் காட்டி பெருமை அடிக்கணும், நான் போய் கதவைத் திறந்து வரவேற்கணும், அதானே? பொறுங்க, அடுப்பை அணைச்சுட்டு..."

நடக்கின்ற செருப்பொலி கைப்பேசியில் கேட்டது.

தம்பி ஆக்சிஜன் மூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். "திறக்காதே! நான் இன்னும் வரல!"

செருப்பொலி நின்றது.

"யாரு பேசுறது?" என்றாள் மனைவி. குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"நான்தான். அக்காகூட ஜீப்ல இருக்கேன். கதவைத் திறக்காதே."

"உங்க குரல் மாதிரியே இல்லையே. வெளியில கேக்குறதுதான் உங்க குரலா இருக்கு."

உண்மையே. மூச்சுத் திணறலில் அவன் குரல் கீச்சென்று, வேறொருவன் குரல்போல் ஆகியிருந்தது. கைப்பேசியின் வழியே, கதவுக்கு அப்பாலிருந்து, அவனுடைய நல்ல குரல், ஆரோக்கியமான குரல், அமைதியாகக் கேட்டது: "வரேன்..." தாழ்ப்பாளின்மேல் அவள் கை படும் சத்தமும் கேட்டது.

"இருடி, இரு!" தம்பி கண்களை மூடிக்கொண்டான். "ரெண்டு மாசமா தினம் காலையில நீ ஒரு மாத்திரை குடுப்பே இல்ல? இரும்புச்சத்து மாத்திரை? நான் ஒண்ணுகூட முழுங்கினதே இல்ல. நீ அந்தப் பக்கம் திரும்பினதும் ஜன்னல் வழியா வீசிடுவேன். ஒண்ணுகூட விடாம எல்லாம் கீழ்வீட்டுக்காரங்க பூந்தொட்டியிலதான் கிடக்குது. வேணும்னா போய்ப் பாரு. வேணாம், இப்போ போகாதே, காலையில பாரு."

தம்பியை அறைய அக்காளின் கை ஏறக்குறைய எழுந்துவிட்டது. ஆயினும் அக்கை அவன் தோளை இறுகப் பற்றியதோடு நின்றது.

"அடப்பாவி மனுஷா!" என்று கைப்பேசி வெடித்தது. "வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு இருக்கு!"

அதன் பின்னால் கீழ்த்தாழ்ப்பாளையும் இழுத்துப் போடும் ஓசை கேட்டது. மேல்தாழ்ப்பாளும் விழுந்தது. அப்புறம் அவள் ஒரு நாற்காலியைத் தரையில் இழுத்துக் கதவோடு சாய்த்தாள்.

ஜீப் ஊரை நோக்கிச் சென்றது.